இருபத்தெட்டு ரிம்கள்

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.40.
செய்த ரிம் 24. உடைந்தது 1. விரிசல் விட்டது 2. முழுசாக இருப்பது 1. இன்னும் சாலையில் ஓடிக்கொண்டிருப்பது 20.

அத்தானுக்கு,

மூன்று வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது நலமா என்று கேட்டால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், எனக்கும் கூச்சமாக இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்களும் அக்காவும் என் எண்ணைப் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பட்டறை முகவரிக்குப் பதிவுத் தபால்.

போன வியாழக்கிழமை எங்கள் சோதனைக்கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். உடைந்த இரும்பு எதுவானாலும் அது ஏன் உடைந்தது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை என்று உங்களுக்குத் தெரியும். பழைய கம்பளியில் சுற்றி ஒரு கார் ரிம் கொண்டுவந்திருந்தார். மர ஆரக்கால் வைத்த, நூறு வருடப் பழைய கார். ஓரம் உள்பக்கமாகச் சுருண்டு டயரின் உதட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் காலத்து ரிம். சமதளச் சாலையில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்க இடது ரிம் பிளந்து, டயர் கழன்று, வண்டி பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அவருக்குச் சிராய்ப்பு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனிமேல் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதாம்.

"ஆறு வருஷம் தேடினேன் தம்பி," என்றார். பழைய இரும்புக் கடைகள், பூட்டிக் கிடந்த கார் கொட்டகைகள், கார் சங்கப் பத்திரிகையின் விளம்பரப் பக்கம் என்று அலைந்த கதையெல்லாம் சொன்னார். கடைசியில் ஒருவர், மூடிப்போன கிடங்கு ஒன்றில் பிரிக்காத பழைய சரக்காகக் கிடந்தவை என்று சொல்லி நான்கு ரிம் கொடுத்தாராம். "கிடைச்ச அன்னிக்கு அழுதுட்டேன். இது அசல் பழசு. பழசுங்கறதால களைச்சுப்போய் உடைஞ்சிருக்கும். அப்படித்தானே எழுதப் போறீங்க?"

மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இவருக்கு ரிம் அசலாக இருக்க வேண்டும்.

ரிம்மை அறுத்து, வெட்டு முகத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டேன். ஓரச் சுருளின் உள்வளைவு 5 மில்லிமீட்டர். அசலில் அது 4.76, ஏனென்றால் அந்தக் காலத்தில் அங்குலத்தில் செய்தார்கள். அதை 5 என்று முழுசாக்கி வரைந்த ஒரே ஆள் நான். நகல் என்று சொல்லியே விற்பேன் என்று நீங்கள் சொன்னதை நம்பி, நான்கு வருடம் முன்பு உங்களுக்கு வரைந்து கொடுத்த படம் அது. மூலையில் எண்ணிக்கை 24 என்றும் நான்தான் எழுதினேன்.

டாக்டரின் மற்ற மூன்று ரிம்மையும் வரவழைத்துப் பார்த்தேன். இரண்டில் விரிசல். எல்லாம் ஒரே இடத்தில் ஆரம்பிக்கிறது, டயருக்குக் காற்றடிக்கும் வால்வு வெளியே வருகிற ஓட்டையில். அந்த ஓட்டையை எங்கே போட்டிருக்கிறீர்கள்? பட்டையை வட்டமாக வளைத்து, இரண்டு முனைகளையும் வெல்டிங் வைத்துச் சேர்த்த அதே இணைப்பின் நட்டநடுவில். முதல் வருட மாணவன்கூட இதைச் செய்ய மாட்டான்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மீதி இருபதும் யார் யாரிடம் இருக்கின்றன என்ற பட்டியல். இந்த மாதம் 23, ஞாயிற்றுக்கிழமை, கார் சங்கத்தின் வருடாந்திர ஓட்டம். மலைப்பாதையில் இறங்குகிறார்கள். பதினான்கு வளைவுகள். அதற்குள் அந்த இருபதும் கழற்றப்பட வேண்டும். என் அறிக்கை 19ஆம் தேதி கையெழுத்தாகும்.

உங்கள் மனைவியின் தம்பி


மார்ச் 7, வெள்ளி
பட்டறை

மச்சானுக்கு,

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கோர்ட்டு விவகாரமா என்று தபால்காரர் கேட்டார். இல்லை, சொந்தக்காரர் என்றேன். ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உங்கள் மனைவியின் தம்பி." பரவாயில்லை, அந்த அளவுக்காவது உறவு ஞாபகம் இருக்கிறது. எங்கள் கல்யாணத்தில் உன் கூட்டாளிகளிடம் "அத்தான் ஆட்டோமொபைல் துறையில இருக்கார்" என்று அறிமுகம் செய்தாய். பட்டறை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டிருக்க வேண்டும் நான்.

முதலில் எண்ணிக்கை. 24 இல்லை, 28. பட்டை மிச்சம் இருந்தது, நான்கு கூடச் செய்தேன். பார்க்காமலே எண்ணிவிடுகிற பழக்கம் உனக்கு இன்னும் மாறவில்லை.

அந்த நான்கு எங்கே என்று கேள். என் சொந்த வண்டியில் மாட்டியிருக்கிறேன். மூன்று வருடமாக உன் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து அதில்தான் ஓட்டுகிறேன். 23ஆம் தேதி அந்த மலையிலும் அவளை உட்கார வைத்துத்தான் இறங்கப் போகிறேன். ஏமாற்றுகிறவன் தன் பெண்டாட்டியை அதில் ஏற்றுவானா? டாக்டர் பள்ளத்தில் விட்டதால் ரிம் உடைந்ததா, ரிம் உடைந்ததால் பள்ளத்தில் விழுந்தாரா? நீ அங்கே நின்று பார்த்தாயா?

இந்த ஆட்களைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் நான் ஒழுங்காகத்தான் பலகை வைத்தேன்: பழைய அளவு, புது ரிம். எட்டு மாதம். வருவார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், "பிரமாதம், ஆனா புதுசா இருக்கே" என்று வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஒரு ரிம்மை மொட்டை மாடியில் மறந்துவிட்டேன். மழையில் நனைந்து துருவேறிக் கிடந்தது. ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்கே கிடைச்சுது உங்களுக்கு?" என்று கேட்டார். குரலே மாறிவிட்டது அவருக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. "ஏதாவது பழைய கிடங்கிலயா?" என்று அவரே கேட்டார். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ போன் செய்து திருடன் என்றாய். ஸ்பீக்கரில் இருந்தது. உன் அக்கா சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சரி, நான் திருடன். தெரிந்த பிறகு மூன்று வருடம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? சங்கத்துக்கு எழுதினாயா? போலீசுக்குப் போனாயா? இப்போது உன் மேஜைக்கே வந்து விழுந்ததும் நியாயம் பொங்குகிறது.

பட்டியல் தர முடியாது. தந்தால் மறுநாள் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இங்கே எல்லோரும் சுகம்.

அத்தான்


மார்ச் 10, திங்கள்

அத்தானுக்கு,

நான் அங்கே நின்று பார்க்க வேண்டியதில்லை. உடைந்த முகமே சொல்கிறது. அலை வந்து போன பிறகு மணலில் வரிவரியாகக் கோடு நிற்குமே, அதே மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு கோடும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிய தடம். பள்ளத்தில் விழுந்து ஒரே அடியில் உடைந்திருந்தால் அந்தக் கோடு இருக்காது. மாதக்கணக்காக உள்ளே கிழிந்துகொண்டே வந்து, அன்றைக்கு முடிந்திருக்கிறது. வெல்டிங்குக்குப் பக்கத்தில் இரும்பு இறுகி, வளையும் தன்மையை இழந்துவிடும். ஓட்டை போட்டால் அங்கே இரும்பே பாதிதான். பலவீனமான இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த இடத்தை வண்டி ஒரு தடவை மிதிக்கிறது.

மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பது சாட்சி இல்லை. டாக்டருக்கும் முதல் இரண்டரை வருடம் ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அங்கே போட்டீர்கள்? என் படம் உங்கள் கையில் இருந்தது. ஓட்டை இணைப்புக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்று நான் வரையவில்லைதான். அது வரைய வேண்டிய விஷயமே இல்லை. மூச்சு விட வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா?

மூன்று வருடம் என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் செய்வது ஏமாற்று, ஆனால் ஆபத்து இல்லை என்று நினைத்தேன். படம் என்னுடையது, ரிம் நன்றாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அக்காவின் வீட்டை நானே எதற்குக் கலைக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அது என்னுடைய கணக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களை விட்டுவிட்டு நேராகச் சங்கத்துக்கே எழுதிப் பார்த்தேன். செயலாளர் இரண்டு வரியில் பதில் போட்டிருக்கிறார். எங்கள் உறுப்பினர்களின் வண்டிகள் யாவும் அசல் பாகங்களால் ஆனவை, தங்கள் அக்கறைக்கு நன்றி. முன்பின் தெரியாதவன் சொன்னான் என்று யாரும் தன் ரிம்மின் பெயின்டைச் சுரண்ட மாட்டார்கள். சரக்கை விற்றவர் வாயால் பெயர் பெயராகச் சொன்னால்தான் நடக்கும். அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன். ஆசைப்பட்டு இல்லை.

அக்காவை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். பட்டியலை விடுங்கள், இதையாவது செய்யுங்கள்.

தம்பி


மார்ச் 12, புதன்
பட்டறை

மச்சானுக்கு,

ஏன் அங்கே போட்டீர்கள் என்று கேட்டாய். சொல்கிறேன், உட்கார்ந்து கேள்.

பழைய கார்க்காரர்கள் ரிம்மைக் கையில் வாங்கியதும் செய்கிற முதல் வேலை, உள்பக்கமாக நகத்தை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வருவது. இணைப்பு நகத்தில் தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் காலத்து மிஷின் வெல்டிங் தட்டாது. என்னுடையது கை வெல்டிங், எவ்வளவு தேய்த்தாலும் பட்டையாகத் தெரியும். ஓட்டையை அதன் மேலேயே போட்டு, பித்தளை வாஷர் ஒன்றை மாட்டிவிட்டால் நடுப்பாகம் மறைந்துவிடும். மிச்சம் ஓரச் சுருளுக்குள் போய்விடும். நகம் எங்கும் தட்டாது. நான் கண்டுபிடித்த வழி. இதை நினைத்து எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஆனால் பயமும் இருந்தது. நான் உன் அளவுக்குப் படிக்கவில்லை, ஆனால் முப்பது வருடமாக இரும்பைத் தொடுகிறேன். அதனால் உன்னிடம் கேட்டேன். போனில் கேட்டால் நீ எப்போதும் மீட்டிங்கில் இருப்பாய் என்று, காகிதத்தில் படம் போட்டு, இணைப்பு இங்கே, ஓட்டை இங்கே, இப்படி வைத்தால் ஏதாவது ஆகுமா என்று எழுதி உனக்கு அனுப்பினேன். நீ அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதித் திருப்பி அனுப்பினாய். அசல் என்னிடம் இருக்கிறது. ஜெராக்ஸ் இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியும் என்று நம்புகிறேன். இருந்தாலும் இங்கேயும் எழுதிவிடுகிறேன், படிக்கச் சுலபமாக இருக்கும்:

"ஓட்டை எங்கே இருந்தால் என்ன அத்தான்? உங்கள் இஷ்டம். இதற்கெல்லாம் ஒரு கடிதமா? எனக்கு இங்கே வேலை இருக்கிறது."

முன்பக்கத்தில் நான் போட்ட படத்தை நீ பார்த்தாயா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருக்க மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிட்டு அப்படி எழுதினாய் என்றால் அது இன்னும் மோசம்.

இன்னொன்று. துரு ஏற்றியது யார் என்று நீ கேட்கவே இல்லை. உன் அக்கா. உப்புத் தண்ணீரும் வினிகரும் கலந்து, மூன்று நாள் மொட்டை மாடியில் வைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, பழைய என்ஜின் ஆயில் தடவுவாள். எனக்கு அந்தக் கைப்பக்குவம் வராது. நான் செய்தால் நேற்றுத் துருப்பிடித்த மாதிரி இருக்கும். அவள் செய்தால் எண்பது வருடம் கிடங்கில் கிடந்த மாதிரி இருக்கும். அவளுக்கு ஆபத்து என்று தெரியாது. நகல் என்று மட்டும்தான் தெரியும்.

இப்போது அறிக்கை எழுது. செய்தவன் பெயரையும் போடு, வரைந்தவன் பெயரையும் போடு, துரு ஏற்றியவள் பெயரையும் போடு. குடும்பமாகவே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்.

அத்தான்


மார்ச் 14, வெள்ளி

அத்தானுக்கு,

இது நான்காவது தடவை எழுதுவது. மூன்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலாவதில் அந்தக் காகிதம் வந்ததே ஞாபகம் இல்லை என்று எழுதியிருந்தேன். பொய். ஞாபகம் இருக்கிறது. முன்பக்கத்தில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. கவரைப் பிரித்தபோது உங்கள் எழுத்தைப் பார்த்ததும் சலிப்பு வந்தது. கேள்வியின் கடைசி வரியை மட்டும் படித்தேன். காகிதத்தைத் திருப்பிப் பதில் எழுதினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். சிவப்பு டப்பாவில் சாயம், வெள்ளை டப்பாவில் பொடி. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பித்தளை வாஷரை எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டுங்கள். சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பொடியை அடியுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக வெளியே வரும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும்.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் வெல்டிங்கை நீங்களே கேளுங்கள். ஒரு சக்கரம் போதும்.

தம்பி


மார்ச் 17, திங்கள்
பட்டறை

மச்சானுக்கு,

பார்சல் சனிக்கிழமை வந்தது. அன்றைக்குத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு, தனியாக வந்து செய்தேன். உன்னைப் பொய்யனாக்க வேண்டும் என்றுதான் செய்தேன். முதல் சக்கரம், பின் வலது, வெள்ளையாகவே இருந்தது. சிரித்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பின் இடது, ஒன்றுமில்லை. முன் வலது, மயிர் மாதிரி ஒரு கோடு, ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். முன் இடதில் பொடி அடித்துக் கையை எடுக்கும் முன்பே கோடு வந்துவிட்டது. ஓட்டையிலிருந்து ஓரச் சுருள் வரைக்கும். ஸ்கேல் வைத்து அளந்தேன், பதினேழு. இரண்டு தடவை துடைத்துத் திரும்ப அடித்தேன். திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்தது. முன் இடது என்றால் உன் அக்கா உட்காரும் பக்கம்.

சோப்பு போட்டும் சாயம் கையை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போனதும் ரத்தமா என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு என்ன என்றாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, விளம்பரத்தில் வருவது மாதிரி வாயில் வரவில்லை. பட்டறைக்குக் கூட்டிவந்து சக்கரத்தைக் காட்டினேன். உன் கடிதங்களையும் கொடுத்தேன். நான் உனக்கு எழுதினவற்றை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வெல்டிங் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் படித்து முடித்துவிட்டு, தேதிகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். நாலாம் தேதி. ஏழாம் தேதி. பத்தாம் தேதி. எட்டாம் தேதி சனிக்கிழமை நாங்கள் அந்த வண்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தோம். அதை உனக்கு நான் எழுதவில்லை.

"ரெண்டு பேரும் அழகா லெட்டர் எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றாள். "நான் அந்த வண்டியில உக்காந்திருந்தேன்."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. போடவில்லை.

இன்று காலை பஸ் ஏறி அந்த டாக்டரின் மனைவியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். மத்தியானம் திரும்பி வந்தாள். யார் என்று சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னேன். துரு ஏத்தினது நான்தான்னு சொன்னேன்." அந்த அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். தாளும் பேனாவும் எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பட்டியல் தனித்தாளில் இருக்கிறது. அவள்தான் எழுதினாள், நான் சொல்லச் சொல்ல. மில் முதலாளிக்கு நான்கு. ஓய்வுபெற்ற விமானிக்கு நான்கு. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அம்மாவுக்கு நான்கு. பின்சக்கரம் மட்டும் கேட்ட வக்கீலுக்கு இரண்டு. எல்லோருடைய முகவரியும் போனும் இருக்கின்றன. இவர்களுக்கு நானே போன் செய்ய வேண்டும் என்று எண்ணை அழுத்தினேன், மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். மூன்று தடவை.

மீதி ஆறு ஒரு தரகரிடம் போனவை. அவர் யாருக்கு விற்றார் என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. அவர் வீட்டில் கேட்டேன், காகிதம் எதுவும் இல்லையாம்.

பட்டியலைக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ அன்றைக்குப் பதில் எழுதும் முன் அந்தக் காகிதத்தின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். நானும் கேட்டதோடு நின்றிருக்கக் கூடாது என்று இவள் முகத்தில் எழுதியிருக்கிறது. அதை நீ எழுதாதே.

அத்தான்


மார்ச் 19, புதன்கிழமை, மதியம் மணி 2.15.
செய்த ரிம் 28. என் மேஜையில் 4. உங்கள் பட்டறையில் 4. முகவரி தெரிந்தவை 14. தெரியாதவை 6.

அத்தானுக்கு,

பட்டியல் இன்று காலை வந்தது. கடிதத்துக்கு முன்னால் அதைத்தான் பிரித்தேன். அக்காவின் எழுத்து. மளிகைச் சாமான் எழுதுகிற மாதிரி நேராக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறாள். எனக்கென்று ஒரு வார்த்தையாவது கீழே இருக்குமா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை. இந்தத் தடவை காகிதத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பதினொரு மணிக்கு டாக்டர் போன் செய்தார். "யாரோ ஒரு பொம்பளை வந்து என் வீட்டுக்காரிகிட்ட என்னென்னமோ சொல்லிட்டுப் போயிருக்கா. உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும், என் அக்கா என்றேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நீங்க அசல்னே எழுதிடுங்க. பழைய இரும்பு, களைச்சுப்போச்சுன்னு எழுதிடுங்க. நான் யார் மேலயும் கேஸ் போடல. ஆறு வருஷம் தேடினது இதுதான்னு இருக்கட்டும்."

அவர் மனைவிக்கும் அதுதான் விருப்பமா என்று கேட்டேன். "அவளை எதுக்கு இழுக்கறீங்க?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அடிபட்ட குடும்பத்தின் தலைவரே வேண்டாம் என்கிறார். சங்கம் நகலே இல்லை என்கிறது. எங்கள் இயக்குநருக்கு இந்த ரிம் யார் வரைந்தது என்று தெரியாது. இரண்டே வார்த்தை, உலோகக் களைப்பு என்று எழுதினால் முடிந்தது. அது பொய்கூட இல்லை. உங்கள் ஷட்டர் இறங்காது, என் வேலை போகாது. ஒரு மணி நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதலாம் என்றுதான் இருந்தேன். இதை உங்களிடம் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

அப்புறம் பட்டியலில் மூன்றாவது பெயரைப் பார்த்தேன். தலைமை ஆசிரியை. பக்கத்தில் அக்கா சின்னதாக எழுதியிருக்கிறாள்: பேரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டத்துக்கு வருகிறார். அதை அவளிடம் யாரும் எழுதச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். அதற்கெல்லாம் இப்போது நேரமும் இல்லை. நான் செய்யப் போவது இது. தடுக்க வேண்டுமானால் வந்து தடுங்கள்.

1. இன்று மாலை ஐந்து மணிக்குள் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன். நகல் ரிம், இணைப்பின் மேல் வால்வு ஓட்டை. செய்தவர் நீங்கள், வரைந்தவன் நான். நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸ், இரண்டு பக்கமும், இணைப்பாக இருக்கும். அக்காவின் பெயர் இருக்காது. அதை அவளே சொல்லிவிட்டாள்.

2. நாளை காலை இயக்குநர் அறைக்குப் போவேன். போ என்றால் போய்விடுவேன். சாய டப்பாக்களை இன்றைக்கே என் பைக் பெட்டிக்கு மாற்றிவிட்டேன்.

3. நாளை மதியம் தலைமை ஆசிரியை வீடு. வெள்ளிக்கிழமை மில் முதலாளி, விமானி. சனிக்கிழமை வக்கீல். கெஞ்ச எனக்கு வராது, ஆனால் கெஞ்சுவேன். நீங்கள் முன்கூட்டியே போன் செய்து, ஒரே வரி, "அவன் சொல்வது நிஜம்" என்று சொன்னால் பாதி வேலை முடியும். மணி அடிக்கும் முன் வைக்காதீர்கள்.

4. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஓட்டம் புறப்படும் இடத்தில் நிற்பேன். அந்த ஆறில் ஏதாவது வந்திருக்கலாம். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்ப்பேன். செயலாளர் ஆள் வைத்து வெளியே தள்ளினால், முதல் வண்டிக்கு முன்னால் சாலையில் உட்காருவேன்.

5. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்க வருவேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். விளக்கம் சொல்ல மாட்டேன்.

6. ஞாயிற்றுக்கிழமை வராத ரிம்களைத் தேடுவேன். எப்படித் தேடுவது என்று தெரியவில்லை. அவற்றில் எண் இல்லை, முத்திரை இல்லை, வாங்கியவரே ஒத்துக்கொள்ள மாட்டார். யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி நாம் மூன்று பேரும் சேர்ந்து அவற்றை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறோம்.